கறையில் உருக்குக் கத்தியும் கடற்கரைத் தோட்டமும்

கற்பிட்டிக் குடாநாட்டில் ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளக் களப்பு, இடையே மணற்றோட்டங்கள். சோளகக் காற்று வீசுங் காலத்தில் உப்புத் திவலைகள் வேலியையுங் கடந்து கருவிகளின்மேற் படியும். சாதாரண உருக்குக் கத்தி ஓரிரவு வெளியே கிடந்தால், காலையிற் கறள் பூத்திருக்கும். இதனாற் கூடிய விலை கொடுத்துக் கறையில் உருக்குக் கத்தியை வாங்கும் தோட்டக்காரர், சில மாதங்களில் அதிலும் ஊசிமுனையளவான குழிகள் தோன்றக் கண்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் எனக் கருதுவதுண்டு. பெரும்பாலும் குறை கடைக்காரரிடத்தன்று. எவர்சில்வர் என்னும் ஒரே பெயரால் வெவ்வேறு உருக்குகள் வழங்குவதே மயக்கத்துக்குக் காரணம்.

சோற்றுப் பாத்திரஞ் செய்யும் தகட்டிற் குரோமியம் நூற்றுக்கு 18 பங்கும், நிக்கல் 8 பங்கும் உண்டு. அது எளிதிற் கறள் பிடியாது. ஆயின் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கூர் தாங்காது. கத்திக்குரிய தகடு வேறு. அதிற் குரோமியம் 12 முதல் 14 பங்கு. நிக்கல் இல்லை எனலாம். காபன் சற்று மிகுதி. ஏறக்குறைய 1000 பாகை சென்ரிகிறேட்டிற்குக் காய்ச்சி எண்ணெயிலோ காற்றிலோ விரைந்து குளிரச் செய்தால் அது மிகக் கடினமாகும். ஜெர்மானிய அறிஞர் அடோல்வ் மாட்டென்ஸ் என்பவரின் பெயரால் இவ்வகை மாட்டென்சைற்று உருக்கு எனப்படும். 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியளி வார்த்த கறையில் உருக்கும் இவ்வினத்ததே. கூரைப் பெறுதற்காகக் கறளை எதிர்க்கும் வலிமையில் ஒரு பங்கை இழந்த உருக்கு இதுவெனக் கொள்ளலாம்.

கத்தி வாங்கும்போது காந்தத் துண்டொன்றைக் கொண்டுபோதல் நன்று. காந்தம் ஒட்டாத அலகு பாத்திரத் தகட்டினால் ஆனது, அதனைத் தவிர்க்கவேண்டும். ஒட்டினால் மட்டும் போதாது. கடினமாக்க இயலாத மலிந்த இனமொன்றும் காந்தத்தை ஈர்க்கும். ஆகவே அலகின் ஓரத்தில் அரத்தை மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். அரம் வழுக்கினால் அலகு கடினமானது, கடித்தால் மென்மையானது. சந்தைக்கு வரும் தகடு வெட்டவும் வளைக்கவும் ஏற்றவாறு மென்மையாகவே இருக்கும். அதனை வெட்டிப் பிடி போட்டதோடு விட்டுவிட்டால் கூரும் நில்லாது, கறளும் விரைவிற் பிடிக்கும். கடினமாக்கி மெருகிட்ட பின்னரே அது தன் முழுக்குணத்தைக் காட்டும்.

உப்பிலுள்ள குளோரைட்டே இவ்வுருக்கின் முதற்பகை. அது கடற்காற்றில் மட்டுமன்று, மியூறியேற்றுப் பொட்டாசு உரத்திலும் உண்டு. உர மூடையை வெட்டிப் பிரித்த கத்தியை அம்மூடை மீதே விட்டுச் செல்லலாகாது. நோயுற்ற செடியை வெட்டியபின் வெளிற்றுந்தூட் கரைசலில் அலகை நனைப்போர், உடனே நல்ல நீரிற் கழுவித் துடைக்கவேண்டும். மதுசாரத்தாற் துடைத்தல் இன்னும் மேலானது. கற்பிட்டியில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பதால், மிகுதியாக இறைத்த கிணற்றில் நீர் உவர்க்கும். அத்தகைய நீராற் கழுவிய கத்தியை ஈரத்தோடு வைத்தல் கழுவாமல் வைத்தலுக்கு ஒப்பாகும். உலர்த்தியபின் தேங்காயெண்ணெய் சிறிது தடவினாற் போதும்.

முறிந்த அலகை ஒட்டவைக்கக் கொடுப்பது வீண் செலவு. இவ்வுருக்குக் காற்றிற் குளிர்ந்தாலே இறுகுமாதலின், ஒட்டிய இடத்தின் அருகே கண்ணாடிபோல் நொறுங்குந் தன்மை அடைந்து மீண்டும் வெடிக்கும். முன்னதாகச் சூடேற்றிப் பின்னரும் பதமாகக் காய்ச்சி ஆற்றவல்ல பட்டறைகளே இதனைச் செய்யலாம். மின்சாணையில் நீரின்றித் தீட்டி, ஓரம் நீலமாகுமாயின் அவ்விடத்துக் கடினம் குறைந்துவிட்டதென்று அறியலாம். நீர்விட்ட கல்லில் மெல்லத் தீட்டுதலே முறை.

எல்லாக் கருவிக்கும் இது வேண்டுவதில்லை. மண்ணிலும் கல்லிலும் மோதுண்ணும் மண்வெட்டிக்குச் சாதாரண உருக்கே உறுதியும் மலிவுமானது. கடலுக்குச் சற்று உள்ளே தப்போவைக் குளத்தின்கீழ் நெல் விதைப்போருக்கும் சாதாரண உருக்கரிவாள் போதும். மருந்து தெளிகருவியின் தாங்கிக்கு இதனைக் கொள்ளலாகாது. உப்பு மருந்துகள் தங்குமிடத்திற்குப் பிளாத்திக்கோ நிக்கல் கலந்த தகடோ ஏற்றது. வெங்காயத் தாள் அரிதல், காய் கொய்தல், கிளை கத்தரித்தல் ஆகியவற்றுக்கே இது தன் விலைக்கு உழைக்கும்.