குடல் அழற்சி நோயில் வைரஸ்களின் பங்கு

குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி ஆகிய இரண்டும் குடல் அழற்சி நோய்களில் முதன்மையானவை. குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிரிகள் மீது நோய் எதிர்ப்பு ஆற்றல் அளவுமீறிப் பாய்வதால் குடல்சுவர் புண்ணாகிறது. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் எடைக் குறைவும் மாதக்கணக்கில் தொடரலாம். மரபணு, புகைப்பழக்கம், குடல் பாக்டீரியா ஆகியவற்றோடு வைரஸ்கள் மீதும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு.

எலிகளில் கிடைத்த தடயம்

செல்லுக்குள் சேரும் கழிவையும் புகுந்த கிருமியையும் செல்லே செரித்து அகற்ற உதவும் மரபணுக்களில் ஒன்று ஏடிஜி16எல்1. அதிலுள்ள ஒரு மாற்றம் குரோன் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆனால் அந்த மாற்றத்தோடு பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஏன் என்பதற்கு 2010இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 'செல்' இதழில் ஒரு விடை தந்தார்கள்.

இந்த மரபணு குன்றிய எலிகளின் சிறுகுடலில், கிருமிக்கொல்லிப் புரதம் சுரக்கும் பானெத் செல்கள் சிதைந்திருந்தன. அதே இன எலிகளைக் கிருமிக் கட்டுப்பாடு மிகுந்த கூடத்தில் வளர்த்தபோது அந்தச் சிதைவைக் காணோம். எலிகளைத் தாக்கும் நோரோ வைரஸின் ஒரு வகையைக் கொடுத்ததும் சிதைவு திரும்பியது. குடலைப் புண்ணாக்கும் ரசாயனத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது குரோனை ஒத்த அழற்சி மூண்டது. ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகள் அதிலிருந்து தப்பின. ஆக, வைரஸ் தனியாக எதையும் சாதிக்கவில்லை. மரபணுக் குறை, குடற்காயம், பாக்டீரியா ஆகியவற்றின் துணை அதற்குத் தேவைப்பட்டது. இந்தத் துறையின் மிக அழகான சோதனை இதுவே எனலாம். எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது என்பது வேறு.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள்

குடலிலுள்ள வைரஸ்களில் பெரும்பகுதி மனிதச் செல்களைத் தொடுவதில்லை. அவை பாக்டீரியாவுக்குள் புகும் ஃபேஜ்கள். குடல் அழற்சி நோயாளிகளின் மலத்தில் வாலுள்ள ஃபேஜ்களின் வகைகள் பெருகியிருப்பதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்தப் பெருக்கம் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை.

தட்டம்மை மீது விழுந்த பழி

1990களில் பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் குழுவினர் தட்டம்மை வைரஸையும், பிறகு அதன் தடுப்பூசியையும் குரோன் நோயோடு முடிச்சுப் போட்டனர். மற்ற ஆய்வகங்கள் நோயாளிகளின் குடல் திசுவில் அந்த வைரஸின் மரபுப்பொருளைத் தேடியும் கிடைக்கவில்லை. பெரிய மக்கள்தொகை ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை.

சிகிச்சையில் குறுக்கிடும் வைரஸ்

சைட்டோமெகலோ வைரஸ் பெரும்பாலோர் உடலில் ஓசையின்றி உறங்குவது. ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் எதிர்ப்பாற்றலை அடக்கும்போது, ஏற்கெனவே புண்ணான பெருங்குடலில் அது விழித்தெழலாம். தீவிரக் கொலைட்டிஸுக்கு சிரை வழியாக ஸ்டீராய்டு செலுத்தியும் சில நாட்களில் தணியாவிட்டால், மருத்துவர்கள் குடல் திசுவைக் கிள்ளி எடுத்துச் சோதிக்கச் சொல்வது இதனால்தான். நுண்ணோக்கியில் ஆந்தைக் கண் போன்ற உட்கருவோடு வீங்கிய செல்கள் தெரியலாம். உறுதியானால் கான்சைக்ளோவிர் ஊசி தரப்படுகிறது.

தடுப்பூசி

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்குச் சின்னம்மை, தட்டம்மை போன்ற உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகள் பொதுவாகத் தவிர்க்கப்படும். தேவையென்றால் மருந்து தொடங்கும் முன்பே போட்டுவிடுவார்கள். உயிருள்ள வைரஸ் இல்லாத ஃப்ளூ ஊசி, ஹெபடைடிஸ் பி ஊசி ஆகியவற்றுக்கு அந்தத் தடை இல்லை.