செத்த பிறகும் பச்சையாக நிற்கும் மரம்

மேலை நாடுகளில் போன்சாய் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஜூனிபர். கடைகளில் மலிவாகக் கிடைப்பது அதுதான்: உள்ளங்கை அகலத் தொட்டி, தரையோடு படரும் 'நானா' ரகச் செடி, மண்மேல் பசை போட்டு ஒட்டிய கூழாங்கற்கள். வாங்கியவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அழகு பார்ப்பார். சில வாரங்களில் அது செத்துப்போகும். ஆனால் அவருக்கு அது தெரியாது, ஏனென்றால் இலை பச்சையாகவே இருக்கும்.

ஜூனிபரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அதன் இலைகள் செதில்களாகவோ சிறு ஊசிகளாகவோ மெழுகுப் பூச்சோடு இருக்கும். நீரை எளிதில் இழக்காது. வேர் அழுகி நின்ற பிறகும், இலையில் மிச்சமிருக்கும் ஈரமே பல வாரங்களுக்குப் பச்சையைக் காப்பாற்றிவிடும். இலை பழுப்பாகும்போது மருத்துவம் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. சந்தேகம் வந்தால் நிறத்தை நம்பாதீர்கள். இலையைத் தடவிப் பாருங்கள். உயிருள்ளது வளைந்துகொடுக்கும், செத்தது மொரமொரவென்று உதிரும்.

இது மலையில் பிறந்த மரம். போன்சாய்க்காரர்கள் போற்றும் 'ஷிம்பாக்கு' ஜூனிபர், ஜப்பானின் நிகாட்டா பகுதியில் இட்டோய்காவாவை ஒட்டிய சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் வளர்ந்தது. காற்றும் பனியும் முறுக்கிய அந்த மரங்களைக் கயிற்றில் தொங்கிப் பெயர்த்து வந்தார்கள். அப்படிப்பட்டதை ஜன்னலோரம் வைத்தால் எப்படிப் பிழைக்கும்? அதற்கு நாள்தோறும் பல மணி நேர நேர்வெயில் வேண்டும், காற்று வேண்டும், ஆண்டுக்குச் சில மாதக் குளிர்கால உறக்கமும் வேண்டும். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோவிலிருந்து வெளியேறிய போன்சாய்த் தோட்டக்காரர்கள் 1925-இல் ஓமியாவில் தங்களுக்கென்று ஒரு கிராமமே அமைத்தார்கள். அங்கேயும் மரங்கள் வெட்டவெளியில் பலகைகளின் மேல்தான் நிற்கின்றன. வீட்டுக்குள் வருவது விருந்தாளிக்காகச் சில நாள் மட்டுமே. குளிரில் சில ஜூனிபர்களின் இலை செம்பழுப்பாக மாறும். பயப்பட வேண்டாம், வசந்தத்தில் பச்சை திரும்பிவிடும்.

அடுத்தது தண்ணீர். நீர் ஊற்றக் கற்றுக்கொள்ளவே மூன்று ஆண்டு என்பது ஜப்பானியத் தோட்டங்களின் வழக்குமொழி, மிகையில்லை. 'இரண்டு நாளுக்கு ஒருமுறை' என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். வெயில், காற்று, தொட்டியின் அளவு மூன்றும் சேர்ந்துதான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. மண்ணுக்குள் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி வையுங்கள். சற்று நேரம் கழித்து உருவினால் ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று குச்சியே காட்டும். மேல்மண் காய ஆரம்பித்ததும், அடித்துளை வழியே நீர் ஓடும்வரை நிறைய ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது வேர்ப்பந்தின் நடுவைக் காயவைத்துவிடும். ஒட்டிய கூழாங்கற்கள் இருந்தால் முதல் நாளே பெயர்த்தெறியுங்கள். நீர் உள்ளே இறங்க அவை விடுவதில்லை.

தொட்டி ஆழம் குறைந்தால் நீர் சீக்கிரம் வடியும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. ஈரப் பஞ்சைப் படுக்கவைத்துச் சொட்டு நிற்கட்டும்; பிறகு அதையே செங்குத்தாக நிறுத்துங்கள், மீண்டும் சொட்டும். உயரம் கூடினால்தான் நீர் இறங்கும். எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு கனத்துக்கு நீர் தேங்கியே நிற்கும். ஆழமில்லாத போன்சாய்த் தொட்டியில் அந்த ஈர அடுக்கே பாதி மண்ணாகிவிடும். அதனால்தான் தோட்டமண்ணுக்குப் பதில் குருணைகளைப் பயன்படுத்துகிறார்கள்: 'அகடாமா' என்ற ஜப்பானிய எரிமலைக் களிமண், நுரைக்கல், எரிமலைக் கல். பொடியைச் சலித்து நீக்கிய குருணைகளின் இடுக்கில்தான் வேர் மூச்சு விடும். இளமரத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை, குளிர் விலகும் தருணத்தில், தொட்டி மாற்றலாம். அப்போதும் வேரை முழுவதும் கழுவித் துடைக்காதீர்கள்.

கத்தரி விஷயத்தில் ஆரம்பக்காரர்களுக்குக் கை அரிக்கும். வாங்கிய அன்றே கழித்து, கம்பி சுற்றி, தொட்டியும் மாற்றினால் மூன்று அடி ஒரே நாளில். ஓராண்டுக்கு ஒரு பெரிய வேலை போதும். ஜூனிபரின் வலு அதன் இலையில் இருக்கிறது. பச்சையே இல்லாமல் மொட்டையடித்த கிளை பொதுவாகத் துளிர்க்காது, காய்ந்துபோகும். செதில் இலை மரத்தை அளவு மீறிக் கழித்தால், அது இளங்கன்றைப் போல முள்ளாய்க் குத்தும் ஊசி இலைகளை விடும். அவை மீண்டும் செதிலாக நாளாகும். நுனிகளை நகத்தால் கிள்ளும் பழக்கமும் வேண்டாம். கிள்ளிய இடம் பழுப்பாகும். நீண்ட தளிரை மட்டும் அடியில் கத்தரியுங்கள். சுற்றிய கம்பி பட்டையில் பதிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். எடுக்கும்போது அவிழ்க்காமல் துண்டு துண்டாக வெட்டியெடுப்பது கிளைக்குப் பாதுகாப்பு.

இலை மங்கிச் சாம்பல் பூத்தால் சிலந்திப்பேன் இருக்கலாம். கிளைக்கடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான்.

படங்களில் பார்க்கும் வெளுத்த பட்டமரப் பகுதிகள் ஜூனிபரின் தனி அழகு. கிளையில் இருந்தால் 'ஜின்', தண்டில் இருந்தால் 'ஷாரி'. பட்டையை உரித்து, கந்தகச் சுண்ணாம்புக் கரைசல் பூசி வெளுக்கவைக்கிறார்கள். வேரிலிருந்து இலைக்கு நீர் போகும் உயிர்ப்பட்டை அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. எது எதுவென்று தெரியாமல் உரித்தால் மரம் போய்விடும். சில ஆண்டுகள் மரத்தை உயிரோடு வைத்திருந்து பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

சென்னை, மதுரை போன்ற ஊர்களில் குளிர்கால உறக்கத்துக்கு வழியே இல்லை. அங்கிருப்பவர்கள் ஆல், இச்சி வகைகளில் கைபழகுவதே நல்லது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் ஜூனிபரைத் தாராளமாக முயலலாம். தொட்டியை மட்டும் வீட்டுக்கு வெளியே வையுங்கள்.