உங்களுக்குத் தெரியுமா? விடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர்

நாம் தூங்கினாலும் உடம்பு தண்ணீரை இழந்துகொண்டுதான் இருக்கிறது. மூச்சின் ஈரமாகவும் தோல் வழியாகவும் மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 800 மில்லி போகிறது. மின்விசிறி சுற்றியும் தலையணை நனைகிற சித்திரை மாத இரவில் வேர்வைக் கணக்கு தனி.

ராத்திரி முழுக்கச் சிறுநீர் முட்டாமல் தூங்க முடிவது எப்படி? பிட்யூட்டரி சுரப்பி அந்த நேரத்தில் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனைக் கூடுதலாக விடுகிறது. உடனே சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் மிச்சம் பிடிக்கிறது. காலையில் முதல் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது அதனால்தான், பயப்பட வேண்டாம். மதியமும் அதே நிறத்தில் போனால், தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

வெறும் வயிற்றில் தண்ணீர் குடித்த கொஞ்ச நேரத்தில் பலருக்கும் வயிறு கலக்கும். இரைப்பை விரிந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவதே காரணம். இந்த அசைவு காலையில்தான் பலமாக இருக்கும். மலச்சிக்கல்காரர்கள் அந்த நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குத் தண்ணீரே பாதி மருந்து. இத்தாலியில் முதல்முறை கல் வந்த 199 பேரை 5 ஆண்டுகள் கவனித்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 2 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 100க்கு 12 பேருக்குத்தான் கல் திரும்ப வந்தது. மற்றவர்களில் 27 பேருக்கு வந்தது. வேலை பார்க்கும் இடத்தில் கழிப்பறை இல்லையே என்று பகல் முழுக்கத் தொண்டையை நனைக்காமல் இருக்கும் பெண்களை நினைத்தால் மனசு கனக்கிறது. அவர்கள் எழுந்ததும் வீட்டிலேயே இரண்டு டம்ளர் குடித்துவிடுவது அவசியம். அதற்காக அந்தக் கழிப்பறையைக் கேட்பதை விட்டுவிடக் கூடாது.

சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா? பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், பரிசோதனை கெடாது. சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் உட்கார்ந்தால், நரம்பு அகப்படாமல் கையைத் தட்டித் தட்டித் தேடுவார்கள். இரண்டு மூன்று இடத்தில் குத்தும் வாங்க வேண்டிவரும்.

தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். கையோடு காப்பி குடித்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள்.

புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்த நம் பாட்டிகள் விஷயம் தெரிந்தவர்கள். செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்துப்போவதை பெங்களூரு ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். ஆனால் செம்பில் எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றி வைக்காதீர்கள். புளிப்பு செம்பைக் கரைக்கும், வாந்தி வரும்.

காலைத் தண்ணீர் நச்சையெல்லாம் அடித்துக்கொண்டு போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். நம் சிறுநீரகங்கள் தினம் 180 லிட்டர் வரை வடிகட்டுகின்றன. அந்த வேலை ராப்பகலாக நடக்கிறது. ஒன்றரை லிட்டரை மூச்சு முட்டக் குடிப்பதில் லாபமில்லை. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் அவற்றால் வெளியேற்ற முடியாது. அளவுக்கு மீறினால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றும், சிலருக்கு வலிப்பே வரும். ஒன்றிரண்டு டம்ளர், நிதானமாக, போதும்.

இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகம் செயலிழந்தவர்களும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு, எவ்வளவு வெயிலானாலும், ஒரு பாலாடைத் தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தான்.