உடைந்த குளமும் உடையாத நம்பிக்கையும்



மாங்கேணிக் கடற்கரைக்கு மேற்கே, காடுகளுக்கு அப்பால் பொலன்னறுவை உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் அங்கே பராக்கிரம சமுத்திரத்தை அமைத்தான். 1215இல் மாகனின் படையெடுப்பு நிகழ்ந்தது. ஆட்சி சிதைந்தது, குளங்களைப் பேணுவார் குறைந்தனர், மக்கள் தென்மேற்கே பெயர்ந்தனர். நாளடைவில் காடு அந்நகரை மூடியது.

விவிலியமும் இரு வீழ்ச்சிகளைக் காட்டுகிறது. கி.மு. 722இல் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. நாடுகடத்தப்பட்ட வடநாட்டுக் குலங்கள் பிற இனங்களோடு கலந்து மறைந்தன. கி.மு. 587இல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை எரித்தனர். ஆயினும் யூதா மக்கள் மறையவில்லை. ஏன்? அரசும் ஆலயமும் அற்ற அந்நிய மண்ணிலும் அவர்கள் ஓய்வுநாளைக் கடைப்பிடித்தார்கள். முன்னோரின் மறையுரைகளைத் தொகுத்துக் காத்தார்கள். ஆண்டவரின் செயல்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அங்கேயே வீடு கட்டி, தோட்டம் அமைத்து வாழும்படி இறைவாக்கினர் எரேமியா அவர்களுக்கு மடல் எழுதினார். தங்களைச் சிறைப்பிடித்த நகரின் நலனுக்காக மன்றாடவும் பணித்தார். அதுவே கடினமான கட்டளை.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும், 2006, 2007ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வையும் வாகரைப் பகுதிக் குடும்பங்கள் அறியும். வீடு, வள்ளம், வலை யாவும் இழந்தவர்கள் மீண்டும் கூரை வேய்ந்தார்கள். அக்கூரையின்கீழ் மாலைச் செபமும் திரும்பி வந்ததா? நம்மைப் புண்படுத்தியவருக்காக மன்றாடாத இல்லம், கல்லால் கட்டப்பட்டிருந்தாலும் இன்னும் பாழடைந்ததே.

இன்று மாலை பிள்ளைகளை அருகே அமர்த்துங்கள். செபமாலையின் ஒரு பத்து மணியையாவது, நீங்கள் மன்னிக்கத் தயங்கும் ஒருவருக்காக ஒப்புக்கொடுங்கள். ஆண்டவர் உங்கள் இல்லத்தை மீண்டும் கட்டியெழுப்புவாராக.