வயர்மேனை அழைக்கும் முன் மின்சாரப் பெட்டியைப் படியுங்கள்

மழை பெய்துகொண்டிருக்கிறது. திடீரென்று வீடு முழுவதும் இருட்டு. ஆனால், எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது. அப்படியென்றால், பெரும்பாலும் உங்கள் வீட்டு மின்சாரப் பெட்டியில்தான் ஏதோ ஒரு விசை விழுந்திருக்கும். பல வீடுகளில் உடனே அதை மேலே தள்ளுவார்கள். மீண்டும் விழும். மீண்டும் தள்ளுவார்கள். கடைசியில் தெரிந்தவர் ஒருவரை அழைத்து, “எப்படியாவது கரண்ட் வந்தால் போதும்” என்பார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மாணவர்களே, விழுந்த விசை ஒரு தகவலைச் சொல்கிறது. அதைப் படிக்க நீங்கள் பள்ளியில் கற்ற மின்னியலே போதும்.

எந்த விசை விழுந்தது?

பெட்டியில் வரிசையாக இருக்கும் சிறிய விசைகள் எம்சிபி. ஒவ்வொன்றும் ஒரு மின்சுற்றைக் காக்கிறது. நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 2,200 வாட் கெத்தல் ஒன்று 2,200 ÷ 230, அதாவது ஏறக்குறைய 9.6 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அதே எக்ஸ்டென்ஷன் வயரில் 2,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்தால் 18 ஆம்பியரைத் தாண்டிவிடும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பி உருகித் தீப்பிடிப்பதற்குள் சுற்றைத் துண்டிப்பதே எம்சிபியின் வேலை. அதிகச் சுமைக்கு அதனுள் இருக்கும் ஈருலோகத் தகடு வளையும். குறுக்குச்சுற்று என்றால் மின்காந்தம் நொடிப்பொழுதில் இழுத்துவிடும்.

பெரும்பாலும் அகலமாகவும் ‘டெஸ்ட்’ பொத்தானுடனும் இருப்பது ஆர்சிசிபி. இது கம்பியை அல்ல, மனிதரைக் காக்கிறது. லைவ் கம்பி வழியாகப் போகும் மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரு வளைய உள்ளகத்தின் வழியே செல்கின்றன. அளவு சமமாக இருந்தால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். சிறிதளவு மின்னோட்டம் யாரோ ஒருவரின் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்துக்குக் கசிந்தால் சமநிலை குலையும். உடனே விசை விழும்.

1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியையும், ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லியாம்பியர் ஆர்சிசிபியையும் கேட்கின்றன. 30 மில்லியாம்பியர் என்பது அந்தக் கெத்தல் எடுக்கும் மின்னோட்டத்தில் 320இல் ஒரு பங்கு. மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க இந்த அளவுக்குச் சற்று மேலே போனாலே போதும். 20 ஆம்பியர் எம்சிபிக்கு அது கண்ணிலேயே படாது. ஆகவே, “அடிக்கடி விழுகிறது, ஆர்சிசிபியை எடுத்துவிடுங்கள்” என்று சொல்வது, வீட்டிலுள்ளோரின் உயிர்க்காவலை நீக்கச் சொல்வதாகும்.

நீங்கள் செய்யக்கூடிய துப்பறிதல்

இதைப் பெரியவர் ஒருவருடன், உலர்ந்த கையோடு, காலணி அணிந்து செய்யுங்கள். பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் கம்பிகளைத் தொடவே கூடாது. எரியும் வாசனை வந்தாலோ பெட்டியில் நீர் இறங்கியிருந்தாலோ எதையும் தொடாமல் வயர்மேனை அழையுங்கள்.

வீட்டிலுள்ள பிளக்குகளை எல்லாம் கழற்றுங்கள். எல்லா எம்சிபிகளையும் கீழே இறக்கி, ஆர்சிசிபியை மட்டும் மேலே தள்ளுங்கள். அது நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கியே வைத்திருங்கள். எல்லாம் நின்றுவிட்டால், பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துக் குற்றவாளிக் கருவியைக் கண்டுபிடிக்கலாம். எம்சிபிகள் எல்லாம் கீழே இருக்கும்போதே ஆர்சிசிபி விழுந்தால், அதோடு நிறுத்திவிடுங்கள்.

பிறகு, விழுந்தது எந்த விசை, எத்தனை மணிக்கு, அப்போது எந்தக் கருவி ஓடியது, மழை பெய்ததா என்று எழுதிவையுங்கள். “கரண்ட் இல்லை” என்பதைவிட, “மழை பெய்தால் மட்டும் பின்புற விளக்குச் சுற்றில் ஆர்சிசிபி விழுகிறது” என்பது வயர்மேனுக்குப் பாதி விடை.

யாரை அழைப்பது?

மலேசியாவில் தகுதிபெற்ற வயர்மேனுக்கு எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா, தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. ஒருமுனை, மும்முனை மின்சாரம் என்று அவர் செய்யத்தக்க வேலையின் எல்லையும் அதில் இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தகுதியுள்ளவர் தயங்காமல் காட்டுவார்.

வேலை தொடங்குமுன் என்ன செய்யப் போகிறார், என்ன விலை, எந்தப் பொருள் என்று பெற்றோர் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். மாற்றும் எம்சிபி, பிளக், சாக்கெட்டில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். புதிதாக வயரிங் செய்தால், மேற்பார்வை மற்றும் நிறைவுச் சான்றிதழ் (பாரம் ஜி), சோதனைச் சான்றிதழ் (பாரம் எச்) இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

அவர் வேலை செய்யும்போது

பெட்டிக்கு முன்னால் அடுக்கிய சாமான்களை அகற்றுங்கள். தம்பி தங்கையரைத் தள்ளி நிறுத்துங்கள். அவர் இறக்கிய விசையை, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றக்கூட யாரும் மேலே தள்ளக் கூடாது. அவர் விரல் அப்போது கம்பியின் மேல் இருக்கலாம். மாமா ஒருவர் சொந்தமாகக் கூடுதல் சாக்கெட் இழுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எம்சிபி அடிக்கடி விழுவதால் அதைவிடப் பெரிய ஆம்பியரில் மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கம்பியின் தடிமன் மாறாமல் விசையை மட்டும் மாற்றினால், விசைக்கு முன் கம்பி எரியும்.

“இன்னும் என்ன சோதனை, விளக்குதான் எரிகிறதே” என்று அவசரப்படுத்தவும் கூடாது. நல்ல வயர்மேன் மின்சாரத்தைத் துண்டித்து, 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் காப்புத் தடையை அளப்பார். அது குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். ஓம் விதிப்படி, 230 வோல்ட்டில் அப்போது கசிவது வெறும் 0.23 மில்லியாம்பியர்தான். அந்த எண்ணைக் குறித்துவைத்தால், அடுத்த முறை ஒப்பிடலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒருவர் ஒரே நேரத்தில் லைவையும் நியூட்ரலையும் தொட்டால் மின்னோட்டம் நிலத்துக்குக் கசியாது. அதனால் ஆர்சிசிபி அதை உணராது. எந்தக் கருவியும் கவனத்துக்கு ஈடாகாது.

இந்த வாரம் ஒரு வேலை: கணினியை அணைத்துவிட்டு, பெற்றோருடன் ஆர்சிசிபியின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. விசை விழுந்தால் மேலே ஏற்றிவிடுங்கள். விழாவிட்டால், வீடு இருளும்வரை காத்திருக்காமல் இன்றே வயர்மேனை அழைக்கச் சொல்லுங்கள்.