குசினி அலுமாரியில் பெயின்ற் ஏன் உரிகிறது?

2012 ஒக்டோபரில் இந்திய வீட்டுத்திட்டத்தின் பெருங்கட்டம் தொடங்கிய பின், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எழுந்த கல்வீடுகளில் பலவும் பத்து வயதைத் தாண்டிவிட்டன. குசினி அலுமாரிக் கதவுகளும் மங்கிவிட்டன. ஆசையோடு அடித்த புதுப் பெயின்ற் சில மாதங்களிலேயே தோலாக உரிவது ஏன்?

காரணம் எண்ணெய். தாளிக்கும்போது பறக்கும் நுண்துளிகள் கதவில் படிந்து, காற்றிலுள்ள ஒட்சிசனோடு வினைபுரிந்து, மெல்ல மெல்லப் பிசினாக இறுகுகின்றன. கைப்பிடியைச் சுற்றித் தொட்டுப் பார்த்தால் மஞ்சளாக விரலில் ஒட்டும். பெயின்ற் பிடிப்பது மரத்தை அல்ல, அந்தப் பிசினை. சலவைச் சோடா கரைத்த இளஞ்சூட்டு நீர் கொழுப்பின் ஒரு பகுதியைச் சவர்க்காரமாக்கிக் கழற்றிவிடும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, அரத்தாளால் மினுக்கம் போகத் தேய்த்தால் பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

பெயின்றுக்குப் பதிலாகக் கதவில் ஒட்டும் ஸ்ரிக்கருக்கும் இதே சுத்தம் வேண்டும். அழுத்த அழுத்த அதன் பசை பரப்பின் நுண்பள்ளங்களில் இறங்கித்தான் பிடிக்கிறது. அடுப்புச் சூடு அந்தப் பசையை இளக்கும். அடுப்போரக் கதவுக்குப் பெயின்ற்தான் நல்லது.

காலமும் பார்க்க வேண்டும். மாரியில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் காயாத பூச்சில் தூசி ஒட்டும். மாசி, பங்குனி தோதானவை. கதவைக் கழற்றிக் கிடத்திப் பூசினால் பெயின்ற் வழியாது.