பொதிகை மலையின் செருப்புப் பூ

பூஞ்செடி என்றால் ஆசைப்படாத பெண் உண்டா? அந்த ஆசையே ஒரு செடியைப் பூண்டோடு அழிக்கப் பார்த்தது என்றால் நம்புவீர்களா?

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைப் பகுதியில், 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல், பாறைச் சரிவுகளில் புல்லுக்கிடையே வளரும் ஒரு ஆர்க்கிட் உண்டு. மஞ்சள் பூ, இதழ் நடுவே பழுப்புக் கோடு. கீழிதழ் மட்டும் குழந்தையின் குட்டிச் செருப்பு மாதிரி குழிந்திருக்கும். அதனால் இந்த இனத்துக்கே 'லேடீஸ் ஸ்லிப்பர்' என்று பெயர். தென்னிந்தியாவில் இந்தக் குடும்பத்துச் செடி இது ஒன்றுதான்.

1865-ல் கர்னல் ட்ரூரி என்ற வெள்ளைக்காரர் இதைக் கண்டார். 1874-ல் பெட்டோம் என்பவர் அவர் பெயரையே செடிக்கு வைத்தார். சீமையிலே பணக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டி ஆர்க்கிட் வளர்த்த காலம் அது. பிறகு வெகுகாலம் மலையில் இது யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போச்சு என்று நினைத்திருக்கையில், 1972-ல் மறுபடி அகப்பட்டது. சேதி பரவியதும், விற்பனைக்காக வேரோடு பெயர்த்துப் போனார்கள்.

விதை போட்டால் முளைக்காதா என்கிறீர்களா? ஆர்க்கிட் விதை வெறும் தூசி மாதிரி; உள்ளே சத்தே கிடையாது. காட்டில் ஒருவகைப் பூசணம்தான் தாய் மாதிரி அதற்கு ஊட்டி வளர்க்கும். 1922-ல் நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சர்க்கரை கலந்த அகரில், பூசணம் இல்லாமலே சீசாவுக்குள் ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்தார். அகர் வேறொன்றுமில்லை, நாம் இனிப்பு செய்யும் கடல்பாசிதான்! கேரளத்தில், பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தார் நம் செருப்புப் பூவையும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மலையிலேயே திரும்ப நட்டார்கள்.

1991-ல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி, இதைக் காட்டிலிருந்து பிடுங்குவதே குற்றம்.

மலையூர்களில் பாறையிலிருந்து பெயர்த்த செடிகளை மலிவாக நீட்டுவார்கள். வாங்காதீர்கள், வாங்க ஆள் இருக்கும்வரை பெயர்க்கவும் ஆள் இருக்கும். பெரும்பாலும் நம் வெக்கையில் அது பிழைக்கவும் செய்யாது.

நர்சரியில் சீசாவில் வளர்த்த டெண்ட்ரோபியம் என்று கேட்டு வாங்குங்கள். என் வராந்தாவில் ஒன்று பூக்கிறது. தொட்டியில் மண்ணே இல்லை. கரித்துண்டு, செங்கல் உடைசல், தேங்காய் மட்டைதான். காலை வெயில் போதும். தினம் தண்ணீர் தெளித்தாலும் அடியில் தேங்கக் கூடாது, வேர் அழுகிவிடும். பூத்தால் வாரக்கணக்கில் வாடாது!